தேர் திரும்பிய நாற்பத்திரண்டு மாலைகள்

திருமுல்லைவயலில் பங்குனித் தேர் புறப்பட்ட நாளன்று, காலை முதல் ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுத்துத் தென்மேற்கு மூலைவரை கொண்டுபோய் நிறுத்தியிருந்த தேர், மாலை ஐந்தரை மணிக்கு, மேலே வீற்றிருந்த முல்லைவன நாதரோடும் அம்பிகையோடும், ஒரு சத்தமும் இல்லாமல் கீழ வீதியில் தன் நிலைக்கே திரும்பி, இன்னும் புறப்படவே இல்லை என்பது போல நின்றது. அதே கணத்தில் வீதியில் சிதறிக் கிடந்த தேங்காய்ச் சில்லுகள் சேர்ந்து முழுக்காய்களாயின, மோர்ப்பந்தலின் பீப்பாய் கழுத்துவரை நிறைந்தது, காலையில் மொட்டையடித்துக்கொண்ட பதினேழு பேருக்கும் முடி வந்தது, வடைகள் மாவாகிப் பாத்திரத்துக்குத் திரும்பின, உண்ட வயிறுகள் காலியாயின, உண்ட ருசி மட்டும் நாவில் தங்கிற்று. நினைவு எவரிடமிருந்தும் திரும்பப் பெறப்படவில்லை.

தேர்நிலைக்கு நேர் எதிரே உலகநாதர் நடத்திவரும் மங்களம் திருமணத் தகவல் மையத்தில் ஒரு மடிக்கணினி உண்டு. அதற்குப் பதினோரு வயது. மின்கலம் செத்துப் போனதால் சுவரிலிருந்து மின்சாரம் குடித்தே உயிர் வாழ்வது. அன்று மாலை ஐந்தரை மணிக்கு அது தானாகவே அணைந்து எழுந்து, முப்பது விழுக்காடு வரை எண்ணிச் சற்று யோசித்து, நீலத் திரையில் இப்படி எழுதிற்று: புதுப்பித்தல் வெற்றி பெறவில்லை, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம், கணினியை அணைக்க வேண்டாம். உலகநாதர் இதை வாய்விட்டுப் படித்து முடிக்கவும் எதிரே தேர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

மறுநாளும் அவ்வாறே நடந்தது. மூன்றாம் நாள் மாலை பாதி ஊர் மடிக்கணினியைப் பார்த்தபடியும் மீதி ஊர் தேரைப் பார்த்தபடியும் நின்று இரண்டும் ஒன்றே என்று தெளிந்தது. ஏன் என்று எவரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள்.

"தேர் நிலையில நிக்கறது, கொடி மேல பறக்கறது. அப்போ இன்னிக்குத் தேர்நாள்தானே? இழுக்காம இருக்க நாம யாரு?" என்றார் சபேச குருக்கள். ஆகவே ஊர் தினந்தோறும் தேர் இழுத்தது. தினந்தோறும் ஆறு மணிக்குத் தீபாராதனை, ஏழு மணிக்கு வடம், பதினொரு மணிக்குத் தெற்கு வீதித் திருப்பம், மூன்று மணிக்குத் தென்மேற்கு மூலை. இரண்டு நாளில் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வரவேண்டிய தேருக்கு முதல் நாளே முடியாமல் நீண்டுகொண்டிருந்தது.

பெரிய ஐயம் ஒன்றே எழுந்தது: அபிஷேகம் செய்த பால் மாலையில் குடத்துக்குத் திரும்பிவிடுகிறதே, அந்தப் பால் புதுப்பாலா, சுவாமி மேனியில் பட்ட பாலா, அபிஷேகம் செய்த புண்ணியமும் கூடவே திரும்பிவிட்டதா? குருக்கள் இரண்டு நாள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "பால் திரும்பிடுத்து, பலன் திரும்பலை. பாவமும் அப்படித்தான், யாரும் சந்தோஷப்பட வேண்டாம்." இது சரியென்று உடனே உறுதியாயிற்று: மேல வீதியில் ஓரகத்திகள் இருவர் சண்டையிட்டு ஒரு பானையை உடைத்தார்கள், மாலையில் பானை சேர்ந்தது, ஓரகத்திகள் சேரவில்லை.

பத்தாம் நாளுக்குள் ஊர் இந்த அருளுக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது. எரிவாயு உருளை தீரவில்லை. அரிசிப் பானையில் அளந்து எடுத்த அரிசி மாலையில் பானையிலேயே இருந்தது. திருவிழாவுக்கு வந்த மாப்பிள்ளைமார்கள் ஊருக்குக் கிளம்பவில்லை. கிளம்பச் சொல்லவும் எவருக்கும் காரணம் இல்லை. பலூன்காரர் விற்ற பலூன்களெல்லாம் மாலையில் அவர் கழிக்கே திரும்பிவந்து ஆடின. உறைகுத்திய பால் தயிராகாமல் பாலாகவே திரும்பியதும், முல்லை மொட்டுகள் மலரும் வேளையில் மீண்டும் அரும்பாகச் சுருங்கியதும் சிறு குறைகள்தாம். தீராத உருளைக்கு முன்னால் மலராத மொட்டை யார் பெரிதாக எண்ணுவார்கள்?

இருவர் எண்ணினார்கள்.

ஒருவர் ஆதிமூலம், தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பவர். மலைபோல உருண்டு வரும் சக்கரத்தின் முன்னே ஓடி, விளக்கெண்ணெய் தடவிய கட்டையைச் சரியான கோணத்தில் வைத்து, தேரை ஒரு சாண் வலப்பக்கம் ஒடிக்கவும் ஓரங்குலத்தில் நிறுத்தவும் அவரால் முடியும். மற்றவர் கோமளவல்லி, கீழ வீதியிலேயே கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள். ஆதிமூலத்தின் கைப்பேசி அந்த ஆண்டில் பதினான்கு முறை பழுதாகிப் பதினான்கு முறையும் அவள் கடைக்கே வந்தது; அதில் எந்தப் பழுதும் இல்லை என்று அவள் பதினான்கு முறையும் சொல்லாமல் விட்டாள். ஆதிமூலத்தின் தாயார் வேதவல்லி அம்மாளுக்கு மட்டும் ஒரு நியமம் இருந்தது: முப்பதைத் தாண்டிய பெண் வேண்டாம். ஆனால் தேருக்கு முந்திய நாள், திருவிழாவுக்கு வரும் உறவுகள் பார்க்கட்டும் என்று ஆண்டுதோறும் ஒட்டுவது போல உலகநாதர் தம் மைய வாசலில் வரன்களின் பட்டியலை ஒட்டினார். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஏனோ முகம் மலர்ந்து போனார்கள். வேதவல்லி அம்மாளும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருமுறை படித்துவிட்டு, "சரி, தேர் நிலைக்கு வந்த மறுநாள் தாலி கட்டிடலாம்" என்று சொல்லிவிட்டார். தன் பெயரைப் பட்டியலில் தேடிப் பார்ப்பதைக் கோமளவல்லி நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்தியிருந்தாள்; சம்மதம் வந்ததென்று கேட்டதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

ஆனால் தேர் நிலைக்கு வரவில்லை; வந்தது, சுற்றாமலே வந்தது. எங்கள் ஊரில் கொடியேறிக் காப்புக் கட்டிவிட்டால், தேர் சுற்றி நிலைகொண்டு கொடி இறங்கும்வரை எந்த வீட்டிலும் தாலி ஏறக்கூடாது. ஊரார் வெளியூரில் இராத் தங்கவும் கூடாது. வேறு ஊருக்குப் போய்க் கட்டிக்கொண்டு வருவோம் என்றால் அதுவும் காப்பை மீறுவதே. தினமும் மூன்று மணிக்கு ஆதிமூலம் தேரைத் தென்மேற்கு மூலையில் நிறுத்தி, கட்டையின் மேல் கையை வைத்தபடி ஐந்தரை மணிவரை உட்கார்ந்திருப்பார். ஐந்தரைக்குக் கைக்கு அடியில் கட்டை இராது.

கோமளவல்லி இரண்டாம் நாளே உலகநாதரின் மேசை முன் வந்து உட்கார்ந்துவிட்டாள். கணினியின் வட்டில் இடமில்லை என்று கண்டு, பழைய கல்யாணப் படங்கள் எட்டாயிரத்தை வேறொரு வட்டுக்கு மாற்றி இடம் செய்தாள். மாலையில் எட்டாயிரமும் திரும்பிவந்து உட்கார்ந்தன. அச்சுப்பொறி, சுட்டி, பென்டிரைவ் என்று ஒட்டியிருந்த யாவற்றையும் பிடுங்கிவிட்டு முயன்றாள். பாதியில் இறங்கிக் கெட்டுப் போயிருந்த புதுப்பிப்புக் கோப்புகளை அழித்து முதலிலிருந்து இறக்கினாள். கணினியே தன்னைத் தான் ஆராயும் வழியில் விட்டுப் பார்த்தாள். அது அரைமணி நேரம் ஆராய்ந்து, தன்னிடம் ஒரு குறையும் காணவில்லை என்று சொல்லிற்று. விசிறியைக் கழற்றி ஒரு கைப்பிடித் தூசு எடுத்தாள். தூசும் மாலையில் விசிறிக்கே போயிற்று. ஒவ்வொரு நாளும் செய்ததையெல்லாம் மறுநாள் காலை முதலிலிருந்து செய்துவிட்டு, அதற்கு மேல் புதிதாக ஒன்றையும் செய்து பார்க்க வேண்டியிருந்தது. எட்டாயிரம் படங்களை அவள் நாற்பது முறை சுமந்தாள்.

"இதைத் தூக்கிக் குளத்துல போட்டுட்டா என்ன?" என்றார் குருக்கள். போட்டார்கள். ஐந்தரை மணிக்கு அது சொட்டு ஈரமில்லாமல் மேசைக்கு வந்து, மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம் என்றது.

இருபதாம் நாள் கோயில் மண்டபத்தில் ஊர் கூடிற்று. கோமளவல்லி பழுதைச் சரிசெய்துவிடுவாளோ என்ற அச்சத்தால் கூடிய கூட்டம் அது.

"கோமு, உன் கைராசி எங்களுக்குத் தெரியும். கொஞ்ச நாளைக்கு அதை வேற எங்கயாவது காட்டேன்" என்றாள் தெற்கு வீதிக்காரி ஒருத்தி. "என் வீட்ல சிலிண்டர் மாத்தி இருபது நாளாச்சு, இன்னும் புதுசு கணக்கா கனமா இருக்கு."

"உங்க சிலிண்டர் கனமா இருக்கு அக்கா. என் பொழப்பு?"

"சாமி தினமும் தேர்ல வராரு. இந்தப் பாக்கியம் எந்த ஊருக்குக் கிடைக்கும்?"

"வராருதான். போய்ச் சேரலையே. ரெண்டு வீதிக்காரங்க வாசல்ல கோலம் போட்டுட்டு உக்காந்திருக்காங்க. மேல வீதியும் வடக்கு வீதியும் பார்க்கவே இல்லையே அக்கா இன்னும்."

மேல வீதியார் இதைக் கேட்டு முணுமுணுத்தார்கள். அவர்கள் தினமும் விடியலில் போட்ட கோலம் சுவாமியைக் காணாமலே மாலையில் மாவாகிக் கிண்ணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் ஒரு முடிவும் எடுக்காமல் கலைந்தது. எடுத்திருந்தாலும் ஐந்தரைக்குத் தீர்மானப் புத்தகம் வெறும் தாளாகியிருக்கும்.

நாற்பத்துமூன்றாம் நாள் மூன்று மணிக்கு, தேரை மூலையில் நிறுத்திவிட்டு, விளக்கெண்ணெய்க் கையோடு ஒரு செம்பு மோர் ஏந்தி ஆதிமூலம் மையத்துக்குள் வந்தார். கோமளவல்லி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகநாதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"குடிங்க. தினமும் குடிக்கிறீங்க, தினமும் உங்க வயித்துலேர்ந்து பீப்பாய்க்குப் போயிடுது" என்றார் ஆதிமூலம். "எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"முப்பது. முப்பதுக்கு மேல ஏற மாட்டேங்குது."

"முப்பதா? எங்க, இங்கயா?" என்று அவர் குனிந்து திரையின் கீழ்மூலையைத் தொட்டுக் காட்டினார். அங்கே ஒரு சந்தனப் பொட்டும் அதன் நடுவே குங்குமமும் இருந்தன. ஆயுத பூஜையன்று எங்கள் ஊரில் தராசு முதல் தையல் இயந்திரம் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பதுபோல உலகநாதர் மடிக்கணினித் திரையின் நான்கு மூலைக்கும் வைத்தவை அவை. அன்று வைத்த பொட்டைத் துடைக்கும் துணிவு எங்களில் எவருக்கும் வராது. விசிறியின் தூசு வரை எடுத்த கோமளவல்லியின் விரலும் அந்த நான்கு இடத்தையும் நாற்பத்திரண்டு நாளும் சுற்றிக்கொண்டே போயிற்று. ஆதிமூலத்தின் எண்ணெய் விரல் பட்டதும் வலது கீழ்ப்பொட்டு வழுக்கி ஒரு பக்கமாகப் போயிற்று.

"ஐயையோ, அழிச்சிட்டேன்" என்று அவர் கையை உதறிக்கொண்டார்.

பொட்டின் அடியில் மணியும் தேதியும் இருந்தன. மணி சரி. நாளும் மாதமும் சரி. ஆண்டு மூன்று பின்னால் இருந்தது.

கோமளவல்லி செம்பைக் கீழே வைத்தாள். புதுப்பிப்பு எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்து முத்திரையில் இந்த ஆண்டின் தேதி இருக்கும். மூன்றாண்டு பின்னால் நிற்கும் கணினிக்கு அது இன்னும் பிறக்காத நாளில் இட்ட முத்திரை. நம்ப மறுத்து, வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது அந்தப் பதினோரு வயதுப் பெட்டி. குறை அதனிடம் இல்லைதான்.

"மாமா" என்றாள் ஜன்னலைப் பார்த்து. "இந்த வருஷத்தை யார் மாத்தினது?"

உலகநாதர் திரும்பவில்லை. "வயசை அதுவே பிறந்த தேதியிலேர்ந்து கணக்குப் போட்டுடுதும்மா. கையால அடிச்சா ஏத்துக்க மாட்டேங்குது. முப்பத்திரண்டுன்னு பட்டியல்ல வந்தா வேதவல்லி அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காது. நாலு வருஷமா உன் பேரை ஒட்டறேன், கிழிக்கறேன். அன்னிக்கு மனசு கேக்கல. மூணே மூணு வருஷம்தானேன்னு தள்ளி வெச்சேன். இருபத்தொன்பதுன்னு வந்துச்சு. அந்த அக்கா சரின்னுட்டுது."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அஞ்சாம் நாளே சந்தேகம்தான்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சொன்னா கல்யாணம் நின்னுடும். சொல்லாட்டி தேர் நின்னுடுது. நான் எதைச் செய்வேன், சொல்லு."

கோமளவல்லி ஆதிமூலத்தைப் பார்த்தாள். "எனக்கு முப்பத்திரண்டு" என்றாள்.

"தெரியும்" என்றார் ஆதிமூலம். "பள்ளிக்கூடத்துல நீங்க எந்த வகுப்புன்னு நான் பார்க்காமலா இருந்தேன்?"

"உங்க அம்மாவுக்குத் தெரியாதே. இப்பச் சரி பண்ணினா ரெண்டு மணி நேரம் ஆகும், ஐந்தரைக்குள்ள முடிஞ்சாலும் முடியும். ஆனா அவங்ககிட்ட மறைச்சிட்டு என்னால பண்ண முடியாது. அவங்க வேண்டாம்னா?"

ஆதிமூலம் தம் உள்ளங்கை எண்ணெயை வேட்டியில் துடைத்தார். "நாற்பத்திரண்டு நாளா கட்டையை வைக்கிறேன். வெச்ச இடத்துல ஒரு நாளாவது அது இருக்கட்டும்" என்றார்.

அவள் ஆண்டை மூன்று முன்னே நகர்த்தினாள். உடனே வரன்களின் பட்டியலில் இருந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும், வடம் பிடித்தவர்கள் ஒரே மூச்சில் அடி எடுத்து வைப்பதுபோல, மூன்று மூன்று வயது கூடினார்கள். புதுப்பித்தலைத் தொடங்கிவிட்டு அவள் எழுந்து, எதிரே மோர்ப்பந்தலில் கரண்டியோடு நின்ற வேதவல்லி அம்மாளிடம் போனாள். பந்தலைச் சுற்றி ஊர் நின்றது.

"அத்தை, எனக்கு இருபத்தொன்பது இல்லை. முப்பத்திரண்டு. லேப்டாப்ல வருஷத்தைத் தள்ளி வெச்சதால குறைஞ்சு காட்டியிருக்கு. அதனாலதான் தேரும் திரும்புது. இப்ப மாத்திட்டேன். உங்களுக்குத் தெரியணும்னு சொல்ல வந்தேன்."

வேதவல்லி அம்மாள் கரண்டியைப் பீப்பாய்க்குள் விட்டார், எடுக்கவில்லை. ஊரே அவர் வாயைப் பார்த்தது.

"மூணு வருஷமா?" என்றார் கடைசியில்.

"ஆமா அத்தை."

"எல்லாருக்குமா, உனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான். கணினிக்கு ஒரே நாள்காட்டிதானே."

வேதவல்லி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "அன்னிக்குப் பட்டியலை ரெண்டு தடவை படிச்சேன்" என்றார், குரலைத் தாழ்த்தி. "முதல் தடவை உன் வயசைப் படிச்சேன். ரெண்டாம் தடவை என் பிள்ளை வயசைப் படிச்சேன். முப்பத்தஞ்சுன்னு போட்டிருந்துச்சு. பெத்தவ எனக்குத் தெரியாதா, அவனுக்கு முப்பத்தெட்டுன்னு? உலகநாதன் நம்ம மேல இருக்கற பிரியத்துல குறைச்சுப் போட்டிருக்கான், நாம ஏன் கேக்கணும்னு பேசாம வந்துட்டேன்."

பந்தலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு வீட்டாரும் அன்று பட்டியலைப் பார்த்தவர்கள். நூற்றுப் பன்னிரண்டு வீட்டாரும் தத்தம் பிள்ளைக்கு மூன்று வயது குறைந்திருக்கக் கண்டு, தமக்கு மட்டும் கிடைத்த தனி அருள் என்று எண்ணி, முகம் மலர்ந்து, வாய் திறவாமல் வீடு போய்ச் சேர்ந்தவர்கள். ஊரே சேர்ந்து மூன்றாண்டு பின்னால் போக விரும்பிற்று. தேரும் உடன் வந்தது. இதில் தேரின் மேல் என்ன குற்றம்? தெற்கு வீதிக்காரி தன் கால் விரலைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு முறை புறப்பட்டு நாற்பத்திரண்டு முறை வீடு திரும்பிய முல்லைவன நாதர், மூலையில், குடைக்குக் கீழே, எல்லாம் அறிந்த சிரிப்போடு வீற்றிருந்தார்.

"இப்ப என்ன சொல்றீங்க அத்தை?"

"என்னத்தைச் சொல்ல? வாயைத் தொறந்தா நானும்தானே மாட்டுவேன்" என்றார் வேதவல்லி அம்மாள். பிறகு, மோரை ஒரு தம்ளரில் ஊற்றி நீட்டி, "குடி. முகமெல்லாம் வாடிக் கிடக்கு. முப்பத்திரண்டு வயசுப் பொண்ணு, உடம்பைப் பார்த்துக்க வேண்டாமா?" என்றார்.

ஐந்து மணிக்கு உலகநாதர் மையத்தின் வாசலில் நின்று விழுக்காட்டை உரக்கச் சொல்லத் தொடங்கினார். முப்பது என்றார், ஊர் மூச்சைப் பிடித்தது. முப்பத்தொன்று என்றார். அதுவரை அந்தத் தெருவில் எவரும் கேட்டிராத எண் அது. ஐம்பது, அறுபது என்று அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எண்ணுக்கும் குருக்கள் ஒரு பூவை எடுத்துத் தேரின் பக்கம் தூவினார். ஐந்து இருபத்தெட்டுக்கு நூறு என்றார். திரை இருண்டது, எழுந்தது, வணக்கம் என்றது.

ஐந்தரை ஆயிற்று. ஐந்து முப்பத்தொன்று ஆயிற்று. தென்மேற்கு மூலைக்குத் திரும்பியிருந்த ஆதிமூலத்தின் உள்ளங்கைக்கு அடியில் கட்டை இருந்தது. பீப்பாயில் கரண்டி அடித்தட்டில் உரசும் ஒலி கேட்டது. முல்லைக் கொடிகளில் அத்தனை நாள் அரும்பும் ஒரே வேளையில் விரிந்தது போல ஒரு மணம் நான்கு வீதியையும் நிறைத்தது, அந்த மணத்துக்கு நடுவே தெற்கு வீதியில், "போச்சு, சிலிண்டர் தீர்ந்துடுச்சு!" என்று ஒரு குரல் எழுந்தது.

மறுநாள் தேர் மேல வீதியைக் கண்டது, வடக்கு வீதியைக் கண்டது, மாலையில் தான் நடந்தே நிலைக்கு வந்தது. கடைசிக் கட்டையை ஆதிமூலம் வைத்தார். கொடி இறங்கிற்று, காப்பு அவிழ்ந்தது, மாப்பிள்ளைமார்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். உலகநாதர் திரையைத் துடைத்துப் புதிதாகப் பொட்டு வைத்தார், மூன்று மூலைக்கு மட்டும். வலது கீழ்மூலையை வெறுமனே விட்டார். அன்று முதல் எங்கள் ஊரில் எல்லாக் கணினிக்கும் அதுவே முறை.

விடிந்து முகூர்த்தம். தாலிக்கு முன்பு படிக்கும் ஓலைக்காக உலகநாதர் மணமக்கள் வயதைப் புதிதாக அச்சிட்டு வந்து நீட்டினார்: முப்பத்தெட்டு, முப்பத்திரண்டு. வேதவல்லி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இருமுறை படித்தார்.

"சாமி, அந்த நாற்பத்திரண்டு நாள் இருக்கே, அது வயசுல சேருமா?" என்று குருக்களைக் கேட்டார்.

குருக்கள் அக்கினியை ஊதிக்கொண்டே யோசித்தார். "புண்ணியத்துல சேரும்னு நானே சொல்லியாச்சு. வயசுல மட்டும் சேராதுன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப சேர்த்தே எழுது உலகநாதா" என்றார் வேதவல்லி அம்மாள். "ரெண்டு பேருக்கும்."